உபய வேதாந்தம்

உபயம் என்றால் இரண்டு. வேதாந்தம் என்றால் வேதத்தின் முடிவான பொருள். வடமொழி உபநிடதங்களையும் ஆழ்வார்களின் தமிழ்ப் பாடல் தொகுப்பான திவ்வியப் பிரபந்தத்தையும் சமமான பிரமாணங்களாகக் கொள்ளும் ஸ்ரீவைணவ மரபைக் குறிக்கும் சொல் இது.

இந்தச் சமத்துவம் வாதாடிப் பெற்றது. வேதம் யாராலும் இயற்றப்படாதது என்பது மரபு. பிரபந்தத்தின் பகுதியான திருவாய்மொழியோ நம்மாழ்வார் பாடியது, அதுவும் வேளாளர் குலத்தில் பிறந்தவர் தமிழில் பாடியது. அது எப்படி வேதமாகும்? ஆழ்வாரே ஏழாம் பத்தில் விடை தருகிறார்: தம் நாவைக் கொண்டு தன்னைப் பாடிக்கொண்டவன் இறைவனே. அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ‘ஆசார்ய ஹ்ருதய’த்தில் இதை விரித்து, வேதத்துக்கு வடமொழி, தமிழ் என இரு பிரிவு உண்டென்று நிறுவினார். பிறப்பையும் மொழியையும் விட அருளே பெரிது என்ற துணிவு இது.

இந்தச் சமத்துவத்தை வழக்கில் இன்றும் காணலாம்: கோயில் வீதியுலாவில் பெருமாளுக்கு முன்னே பிரபந்தம் ஓதும் கோஷ்டி (குழு), பின்னே வேதம் ஓதும் கோஷ்டி. வைணவ அறிஞர்களின் பெயருக்கு முன் வரும் ‘உ.வே.’ ‘உபய வேதாந்த’ என்பதன் சுருக்கமே. தமிழறிஞர் உ.வே.சாமிநாதையரின் ‘உ.வே.’ வேறு: உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர்.