தலைக்கட்டு வரியும் நுழைவுச்சீட்டும்: எல்லை மலைகளில் இசைக்கு விலை கொடுத்தவர்கள்

நீண்ட பதிவு. மாணவர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

பாலக்காட்டில் வாழ்பவர் பெரிய இசை நிகழ்ச்சி ஒன்றைக் காண விரும்பினால் கோவைக்கோ கொச்சிக்கோ செல்ல வேண்டும். மூணாற்றில் வாழ்பவருக்கும் பெரும்பாலும் கொச்சியே கதி. பயணச் செலவு ஒருபுறம் இருக்க, நுழைவுச்சீட்டின் விலை இப்போது தனிப் பேச்சாகிவிட்டது. 2025 ஜனவரியில் மும்பையிலும் அகமதாபாத்திலும் நடந்த கோல்ட்பிளே நிகழ்ச்சிகளுக்குச் சீட்டு விலை 2,500 ரூபாயில் தொடங்கி 35,000 ரூபாய் வரை சென்றது. கள்ளச்சந்தையில் இலட்சங்கள் கேட்கப்பட்டன. அதன்பின் தமிழ், மலையாள நிகழ்ச்சிகளின் விலைகளைப் பற்றியும் இரண்டு விதமான விளக்கங்களையே கேட்கிறோம். கலைஞர்களுக்குப் பேராசை என்பது ஒன்று; விலைவாசி ஏறிவிட்டது என்பது மற்றொன்று. வரலாற்று மாணவனாக இரண்டிலும் எனக்கு நிறைவில்லை. இசைக்கு எக்காலத்திலும் விலை இருந்தது. அதைச் செலுத்தியவர் யார், செலுத்தியதால் அவர் பெற்ற உரிமை என்ன என்பவையே காலந்தோறும் மாறின. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து தேவிகுளம், பீர்மேடு வரை நீளும் இந்த எல்லைப் பகுதி அம்மாற்றத்தை ஆராய நல்ல களம்.

முதலில் பொருளியலாளர்கள் சொல்வதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1966இல் வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் நிகழ்த்துகலைகளின் பொருளாதாரம் குறித்த தம் நூலில் ஓர் எளிய உண்மையைச் சுட்டினர். ஆலையில் ஒரு தொழிலாளி நூற்றாண்டுக்கு முன் செய்ததைவிடப் பன்மடங்கு உற்பத்தி செய்கிறார். நால்வர் வாசிக்கும் இசையை வாசிக்க இன்றும் நால்வரே வேண்டும். தனியாவர்த்தனத்தை இயந்திரம் கொண்டு விரைவுபடுத்த இயலாது. ஆகவே கலைஞரின் ஊதியம் மற்றத் தொழில்களின் ஊதியத்தோடு சேர்ந்து உயரும்போது கலையின் விலை மற்றப் பொருள்களைக் காட்டிலும் விரைவாக ஏறும். இது பாதி விளக்கம். மறுபாதியை ஆலன் குரூகர் தந்தார். அமெரிக்காவில் 1981 முதல் 2012 வரை பொது விலைவாசி சுமார் 150 விழுக்காடு உயர்ந்தபோது இசை நிகழ்ச்சிச் சீட்டின் சராசரி விலை ஏறத்தாழ 400 விழுக்காடு உயர்ந்தது. இசைத்தட்டு விற்பனை சரிந்ததும் கலைஞரின் வருவாய் மேடையை நோக்கித் திரும்பியதும் இதற்குரிய காரணங்களுள் முக்கியமானவை. பாட்டு குழாயில் வரும் தண்ணீரைப் போல ஆகிவிடும், பாடுவோருக்கு மேடை மட்டுமே மிஞ்சும் என்று பாடகர் டேவிட் போவி 2002இலேயே கணித்திருந்தார்.

இவை விலை ஏறியதை விளக்குகின்றன. அந்த விலையைத் தனி மனிதர் தம் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தர வேண்டியதாக எப்படி ஆயிற்று என்பதை அவை விளக்கவில்லை.

பாலக்காட்டிலிருந்து தொடங்குவோம். செம்பை வைத்தியநாத பாகவதர் (1896–1974), மிருதங்கம் பாலக்காடு மணி ஐயர் (1912–1981), எம். டி. இராமநாதன், கே. வி. நாராயணசுவாமி எனச் சிறிய நிலப்பரப்பிலிருந்து வியக்கத்தக்க எண்ணிக்கையில் இசைவாணர்கள் தோன்றினர். அவர்கள் பொருளீட்டிய இடம் பெரும்பாலும் சென்னை முதலான நகரங்களின் சபாக்கள். ஊரில் பாடியது கோயிலுக்காக. செம்பை கிராமத்துப் பார்த்தசாரதி கோயிலின் ஏகாதசி இசைவிழாவுக்கு இன்றும் சீட்டு இல்லை. 1952இல் குரல் இழந்து மீண்டும் பெற்ற செம்பை, அதன்பின் தம் கச்சேரி வருவாயைக் குருவாயூரப்பனுக்கே அளித்து வந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவர் பெயரில் குருவாயூர் தேவஸ்வம் நடத்தும் சங்கீத உற்சவத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் பாடுகின்றனர். கேட்பவர் ஒரு காசும் தருவதில்லை. இதன் பொருளாதாரத்தை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நகரத்து சபாவில் சீட்டு வாங்கியவரின் பணம் பாகவதர் வழியாகக் கோயிலுக்கு வந்து, கோயிலில் இலவச இசையாக மாறியது. அதாவது, இலவசக் கச்சேரியின் பின்னால் எங்கோ ஒரு கட்டணக் கச்சேரி இருந்தது.

ஆனால் ‘இலவசம்’ என்ற சொல்லை நாம் ஐயத்துடனேயே கையாள வேண்டும். பாலக்காடு அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1924 நவம்பரில் கல்பாத்தித் தேர்த்திருவிழாவின்போது அக்கிரகாரத் தெருக்களில் நுழைந்த ஈழவர்கள் தாக்கப்பட்டனர். அவர்களுள் சிலர் அதன்பின் ஆரிய சமாஜத்தில் சேர்ந்து, அந்த அடையாளத்துடன் தெருவில் நடக்கும் உரிமையைக் கோரினர். தேருக்கும் நாகசுரத்துக்கும் யாரிடமும் சீட்டுக் கேட்கப்படவில்லை. தெருவில் கால் வைப்பதற்குத்தான் பிறப்பு கேட்கப்பட்டது. பழைய நாள்களில் இசை எல்லோருக்கும் பொதுவாக இருந்தது என்று ஏங்கி எழுதும் நண்பர்கள் இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பின்னணியில் நுழைவுச்சீட்டின் பிறப்பு வேறு பொருள் பெறுகிறது. இலண்டனில் 1672இல் ஜான் பேனிஸ்டர் என்ற வயலின் கலைஞர் ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்கு வாசித்தார். அரசவைக்கும் பிரபுக்களுக்கும் வெளியே, பெயர் கேட்காமல் பணம் மட்டும் கேட்ட நிகழ்ச்சிகளின் தொடக்கமாக இதனைக் குறிப்பிடுவது வழக்கம். நம் பக்கத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் எழுந்த சபாக்களும், 1927 காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் அமைந்த மியூசிக் அகாடமியும் உறுப்பினர் சந்தாவாலும் சீட்டு விற்பனையாலும் நின்றன. நடைமுறையில் சபா அரங்கில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரே சமூக அடுக்கைச் சேர்ந்தவர்கள்தாம். ஆயினும் கொள்கையளவில் சீட்டு ஒரு புதிய வாசலைத் திறந்தது. காசு கொடுத்தவரை வாயிற்காவலர் சாதி கேட்டு நிறுத்த இயலாது. விலை இருக்கும் இடத்தில் உரிமையும் உண்டு என்ற எண்ணம் அங்கே பிறந்தது. அரசும் இதைக் கவனித்தது. 1939ஆம் ஆண்டின் சென்னைக் கேளிக்கை வரிச் சட்டம் நுழைவுக் கட்டணத்தின் மீது வரி விதித்தது. அன்றைய பாலக்காடும் அதன் ஆட்சிக்குள் இருந்தது.

ஒலிபெருக்கியின் கதையையும் இங்கே தொட்டுச் செல்ல வேண்டும். அது வந்ததும் ஓர் அரங்கில் சில நூறு பேருக்குப் பதிலாகச் சில ஆயிரம் பேர் கேட்க முடிந்தது. தலைக்கு ஆகும் செலவு குறைந்தது. மணி ஐயர் நெடுங்காலம் ஒலிபெருக்கி வைத்த மேடையில் வாசிக்க மறுத்தார். மிருதங்கத்தின் நாதம் கெடுகிறது என்பது அவர் கருத்து. மிருதங்க வித்துவான்களுள் முதன்முதலாக 1966இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற ஒருவரால் மட்டுமே அப்படி மறுத்து நிற்க முடிந்திருக்கும். கலையின் தரத்தைக் காத்த முடிவு அது. அதே வேளையில், மலிவான சீட்டை எது சாத்தியமாக்கியதோ அதற்கு எதிரான முடிவும்கூட. வேடிக்கை என்னவென்றால், அன்று செலவைக் குறைத்த ஒலிக்கருவியே இன்று ஒளித்திரைகளோடும் பெருமேடைகளோடும் சேர்ந்து, செலவுக் கணக்கின் பெரும்பகுதியாக நிற்கிறது.

இனி இடுக்கிப் பக்கம். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாக மலையேறிய தமிழர்கள் மாரியம்மனையும் காளியம்மனையும் திருவிழாவையும் உடன் கொண்டு சென்றனர். அவர்கள் புறப்பட்டு வந்த மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் திருவிழாவின் கூத்துக்கும் கச்சேரிக்கும் பணம் சேர்ந்த முறைக்குத் தலைக்கட்டு வரி என்று பெயர். குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் கூடித் தீர்மானிக்கும். பணக்காரர் மேலும் கொடுப்பார், இல்லாதவரும் தம் பங்கைக் கொடுப்பார். அதன்பின் மந்தையில் யார் எங்கே உட்கார்ந்து கேட்டாலும் கேள்வியில்லை. நுழைவுச்சீட்டு தனி ஆளுக்கானது. தலைக்கட்டு வரி குடும்பத்துக்கானது. இதில் ஆய்வாளர்கள் போதுமான அளவு கவனிக்காத ஒன்று உண்டு. ஊர்விலக்கு செய்யப்பட்டவரிடமும், சமமாக மதிக்கப்படாத சாதியாரிடமும் வரி வாங்க மறுப்பதே தண்டனையாக இருந்தது. ‘எங்களிடமும் வரி வாங்குங்கள்’ என்று போராடிய சமூகங்கள் உண்டு. விலை கொடுக்கும் உரிமைக்கான போராட்டம் அது. இன்று விலை கொடுக்க இயலாமையைப் பற்றிப் பேசும் நமக்கு இது தலைகீழாகத் தோன்றலாம்.

இம்மலைகளில் இசைக்கு விலை கொடுத்த மூன்றாம் தரப்பு கட்சி. 1957இல் கேரளத்தில் அமைந்த முதல் கம்யூனிஸ்டு அமைச்சரவை, 126 இடங்களில் 60 உறுப்பினர்களோடும் ஐந்து சுயேச்சைகளின் ஆதரவோடும் நின்றது. தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாதென அறிவிக்கப்பட்டு 1958இல் இடைத்தேர்தல் வந்தபோது ஓர் இடமும் இன்றியமையாததாக இருந்தது. வாக்காளர்களில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் மிகுதி. எல்லைக்கு அப்பால், கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் பாட்டுப் பாட அழைக்கப்பட்டார். 15 வயதை எட்டும் நிலையில் இருந்த அவருடைய தம்பி, பின்னாளைய இளையராஜா, அவருடன் மேடையேறத் தொடங்கியதும் அக்காலத்தில்தான். ரோசம்மா வென்றார், வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும் பங்குண்டு என்று ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட் பாராட்டியதாக இன்றும் சொல்வார்கள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தவர்கள் பனியில் நின்று கேட்ட அந்தப் பாட்டுக்குச் சீட்டில்லை. விலையாகக் கேட்கப்பட்டது வாக்கு. பாடியவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் வழிச்செலவும் உணவும். ஆகவே அதன் விலையில் ஒரு பகுதியைப் பாடியவர்களே சுமந்தனர்.

அக்கால மேடைகளில் திரைப்பாடல் மெட்டுகளில் கட்சிச் சொற்களைப் பொருத்திப் பாடுவது பொது வழக்கம். மெட்டமைத்தவருக்கு ஒன்றும் போகாது, கேட்பாரும் இல்லை. 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உரிமைத்தொகை உறுதி செய்யப்பட்டது. 2017இல் தம் பாடல்களை அனுமதியின்றிக் கட்டண மேடைகளில் பாடக்கூடாதென இளையராஜா, எஸ். பி. பாலசுப்பிரமணியம் உள்ளிட்டோருக்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார். சமூக ஊடகங்களில் அது நட்பின் முறிவாக மட்டுமே பேசப்பட்டது. என் பார்வையில் அது நூறாண்டுக் கணக்கு ஒன்றின் தாமதமான தீர்வு: சீட்டு விலையில் படைத்தவருக்கும் பங்கு உண்டு என்ற நியாயமான கோரிக்கை. சீட்டு மலிவாக இருந்த காலத்தில் அம்மலிவின் ஒரு பகுதி படைத்தவரின் இழப்பில் நின்றது என்பதை ஒப்புக்கொள்ளாமல், இன்றைய விலையை நேர்மையாக விமர்சிக்க இயலாது.

சரி, இன்று யாருக்கு வாசல் அடைபடுகிறது? சரக்கு சேவை வரியில் 2018 முதல் 500 ரூபாய்க்கு மேற்படாத இசை நிகழ்ச்சிச் சீட்டுக்கு விலக்கு உண்டு. அதற்கு மேல் 18 விழுக்காடு. மலிவான சீட்டு என்பதற்கு அரசு வரைந்த எல்லைக்கோடு அந்த 500. அதே எண் இம்மலைகளில் முன்பே ஒலித்தது. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் ‘பெண்கள் ஒற்றுமை’ என்ற பெயரில் தொழிற்சங்கத் தலைமைகளை ஒதுக்கிவிட்டுச் சாலையில் அமர்ந்தபோது அவர்களின் நாட்கூலி 232 ரூபாய். அவர்கள் கேட்டது 500. கிடைத்தது 301. வரிவிலக்குப் பெறும் மலிவான சீட்டின் உச்சவரம்பு, அவர்கள் போராடியும் அன்று எட்ட முடியாத ஒரு நாள் உழைப்பின் விலை. கொச்சி அரங்கில் 2,500 ரூபாய்ச் சீட்டு என்றால் 301 ரூபாய்க் கூலியில் எட்டு நாளுக்கு மேல். பேருந்துக் கட்டணம் தனி. 1958இல் எவருடைய செவிக்காக எல்லை கடந்து பாடகர்கள் வரவழைக்கப்பட்டார்களோ, அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதே இசையமைப்பாளரின் மேடை எட்டாத தொலைவில் இருக்கிறது.

கட்டணமும் இலவசமும் ஒரே திடலில் கலக்கும்போது என்ன நேரும் என்பதை 2024 பிப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் பார்த்தோம். ஹரிஹரன் பாடிய அந்நிகழ்ச்சியில் காசு கொடுத்தவர்களுக்கு முன்னால் நாற்காலிகள். மற்றவர்களுக்குப் பின்னால் தடுப்புக்கு அப்பால் இடம். கூட்டம் தடுப்புகளைத் தகர்த்து முன்னேறியது. ஒழுங்கின்மை என்று கண்டித்தவர்கள் பலர். அந்தத் தடுப்பு நின்ற இடத்தைப் பற்றி எழுதியவர்கள் சிலரே.

பாலக்காட்டில் கல்பாத்தித் தேர்விழாவையொட்டி நடக்கும் இசைவிழா இன்று அரசின் ஆதரவுடன், சீட்டின்றி, யார் வேண்டுமானாலும் நடந்து வரக்கூடிய தெருவில் நடைபெறுகிறது. 1924இல் அடைபட்ட அதே தெரு. அங்கே இப்போது விலை கொடுப்பவர் வரி செலுத்தும் பொதுமக்கள். பொதுப்பணத்தில் இசை என்றால் மரபிசை மட்டுமா, மூணாற்றின் பிள்ளைகள் கேட்க விரும்பும் இசைக்கு அதில் இடமில்லையா என்ற கேள்வியை யாரும் இதுவரை உரக்கக் கேட்கவில்லை.

இந்த ஆய்வுக்காகத் தலைக்கட்டு வரிக் குறிப்பேடுகள், திருவிழாக் கச்சேரி நோட்டீசுகள், பழைய சபா நுழைவுச்சீட்டுகள், கட்சி மாநாட்டுத் துண்டறிக்கைகள் ஆகியவற்றைத் திரட்டி வருகிறேன். கம்பம், போடி, மூணாறு, பாலக்காடு, சித்தூர்ப் பகுதி நண்பர்களின் வீட்டுப் பரணில் இவை இருக்கக்கூடும். விலை அச்சிடப்பட்ட தாள் எதுவாயினும் சரி, ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.