ஒடிக்கப்படாத துண்டு

பேராக் திரைத் தடங்கள் – 14

சென்ற வாரம், தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பு நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தோடு நிறுத்தியிருந்தோம். 1980-களில் அந்தத் திரை சுருங்கி ஒரு பெட்டிக்குள் போனது. நான் வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஈப்போவிலிருந்து தொலைக்காட்சியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு வரும். ஒரே இரவில் மூன்று படம். விடிந்தால் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, நிற்க வேண்டியவர்கள்கூடக் கண் அசரமாட்டார்கள்.

அந்தக் காலத்துக் கேசட் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. ஈ-180 ரகம். உள்ளே ஏறத்தாழ 258 மீட்டர் நாடா, மூன்று மணி நேரம் ஓடும். ஒரு தமிழ்ப் படம் தாராளமாய் அடங்கும். முதுகின் ஓரத்தில் சின்னதாய் ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதை ஒடித்துவிட்டால் அந்த நாடாவில் வேறெதையும் பதிய முடியாது. எங்கள் வீட்டில் யாரும் ஒடிக்கவில்லை. அதனால் ஒரு சிவாஜி படத்தின் மேல் அத்தையின் கல்யாணம் ஏறியது. தாலி கட்டி, விருந்து முடிந்ததும் திரை புள்ளி புள்ளியாய் இரையும். சட்டென்று பாதி வசனத்திலிருந்து சிவாஜி பேசத் தொடங்குவார். முன்பாதியை அந்த நாடாவிலிருந்து இனி யாராலும் மீட்க முடியாது.

இந்தக் கேசட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம், இதைப் போல் பாதியை இழக்காமல் முழுதாய்த் தப்பிய ஒரு ஸ்வீடன் படம் எனக்கு நினைவுக்கு வரும்.

வில்காட் ஷோமன் இயக்கி 1967-ல் வெளியான ‘ஐ ஆம் க்யூரியஸ் – எல்லோ’தான் அது. மறு ஆண்டே ‘புளூ’ என்று இன்னொரு படம் வந்தது. மஞ்சளும் நீலமும் ஸ்வீடன் கொடியின் நிறங்கள். ‘எல்லோ’ கதையில் லீனா என்ற இளம்பெண் ஒலிவாங்கியோடு தெருவில் இறங்கி, நம் நாட்டில் வர்க்க பேதம் உண்டா என்று போவோர் வருவோரைக் கேட்கிறாள். மார்ட்டின் லூதர் கிங்கும், பிற்பாடு ஸ்வீடன் பிரதமரான ஓலோஃப் பால்மேயும் படத்தில் தோன்றுகிறார்கள். கூடவே, ஒளிவுமறைவில்லாத பாலுறவுக் காட்சிகளும் உண்டு. உலகம் பேசியது அவற்றை மட்டும்தான்.

1968 ஜனவரியில் அமெரிக்கச் சுங்கத்துறை படச்சுருளைப் பறிமுதல் செய்தது. ஆபாசம் என்று நியூயார்க்கில் நடுவர் குழு சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. மேரிலாந்து மாநிலம் விதித்த தடை உச்ச நீதிமன்றம்வரை போனது. 1971-ல் நீதிபதிகள் நாலுக்கு நாலு என்று பிரிந்ததால் தடை நீடித்தது. பிறகு 2003-ல் கிரைட்டீரியன் நிறுவனம் இரண்டு படங்களையும் டிவிடியாக வெளியிட்டது. எதற்காக இத்தனை சண்டை என்று, வீட்டில் உட்கார்ந்தே ஒருவர் முழுப் படத்தையும் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். யாரோ ஒருவர் முழுச் சுருளைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த அவசரகாலத்தின் நடுவில், 1952-ல், மலாயாவின் திரைப்படத் தணிக்கைச் சட்டம் வந்தது. 2002-ல் அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டம் வீடியோ நாடாவையும் வட்டையும் ‘படம்’ என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

அந்தப் புதுச் சட்டத்தின் காலத்தில்தான் பேராக்கின் கதை ஒன்று திரைக்கு வராமல் போனது. அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுகளுக்குத் தலைமை தாங்கிய சின் பெங் சித்தியவானில் பிறந்தவர். அவர் வாழ்ந்த ஊர்களைத் தேடிப்போய் அமிர் முகமது எடுத்த ஆவணப்படம் ‘லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்’. சின் பெங் அதில் ஒரு காட்சியிலும் தோன்றுவதில்லை. படம் எடுத்தபோது அந்த ஊர்களில் பிழைத்த சாதாரண மக்கள்தான் பேசுகிறார்கள். தணிக்கை வாரியம் வெட்டில்லாமல் அனுமதித்தது. ஆனாலும் 2006 மே மாதம், திரையரங்குக்கு வரும் முன்பே உள்துறை அமைச்சு தடை போட்டது. சிங்கப்பூரில் பார்த்தார்கள், சித்தியவானில் திரையரங்கில் பார்க்க வழியில்லை.

தமிழர்களைத் தொட்ட வழக்கும் உண்டு. இலங்கைப் போரின் கடைசி மாதங்களைக் காட்டும் ‘நோ ஃபயர் சோன்’ ஆவணப்படத்தை 2013 ஜூலையில் கோலாலம்பூரில் திரையிட்டதற்காக மனித உரிமைப் பணியாளர் ஒருவர்மீது அதே சட்டத்தில் வழக்கு வந்தது. 2017-ல் நீதிமன்றம் அவருக்கு 10,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. படுக்கையறைக் காட்சிக்கும் போர்க்களச் சாட்சியத்துக்கும் ஒரே கத்தி.

கத்தியைப் பற்றித் தோட்டத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா மரம் சீவும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பட்டையை மெல்லச் சீவி, உள்மரத்தைத் தொடாமல் கத்தியை இழுப்பார். ஆழம் போனால் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாய் வளரும், அடுத்த முறை கத்தி ஓடாது. காயம் போட்டவர் மேற்பார்வை பார்க்கும் மண்டோருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். படத்தை வெட்டுகிறவரும் அப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதே என் கட்சி. குழந்தைகளைக் காக்க வயது வரம்பு தேவை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வெட்டியது எது, ஏன் என்று ஊரறியச் சொல்ல வேண்டும். வெட்டுப்படாத பிரதி ஓரிடத்தில் இருக்க வேண்டும்.

நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியதும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிந்து, சனம் பட்டணத்துக்குப் போனபோது பல வீட்டுக் கேசட்டுகளும் குப்பைக்குப் போயின. எஞ்சியவற்றில் ஈரம் ஏறி வெள்ளைப் பூஞ்சை படர்கிறது. வீடியோ டெக் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-ல் அதை நிறுத்திவிட்டது. கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, தோட்டத்து நாடகம் என்று உங்கள் அலமாரியில் ஏதாவது இருந்தால், ஓடும் டெக் கிடைக்கும்போதே கணினிக்கு மாற்றிவிடுங்கள். அதற்கு முன், முதுகு ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்னத் துண்டை ஒடித்துவிடுங்கள்.

என் கேசட்டில் அதை நான் போன வாரம்தான் ஒடித்தேன்.

(அடுத்த வாரம்: ஈப்போ வீடியோ கடைகள்)