இரணம் தைக்கும் நூலின் சரித்திரம்

ஆடையைத் தைக்கும் நூல் எவ்வளவு காலம் நீடிக்கின்றதோ அவ்வளவும் நன்று. உடலைத் தைக்கும் நூலோ அத்தன்மையதன்று. இரணம் கூடும் வரையில் தளராது நிற்றல் வேண்டும். கூடிய பின் கேடு செய்யாதிருத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்த நூலைத் தேடிச் சஸ்திர வைத்தியர் பன்னூற்றாண்டுகள் உழைத்தனர்.

நம் தேசத்துச் சுசுருத சங்கிதை, மரப்பட்டை நார், சணல், தசைநார், மயிர், சீந்தில் நார் முதலியவற்றைத் தையலுக்கு உரியனவாகக் கூறுகின்றது. சதை குறைந்த இடத்திற்கு இரண்டு விரற்கடை ஊசியும், சதைப்பற்றுள்ள இடத்திற்கு மூன்று விரற்கடை முப்பட்டை ஊசியும், வயிறு முதலியவற்றிற்கு வில்போல் வளைந்த ஊசியும் வகுக்கின்றது. இடமறிந்து கருவி தேர்தல் என்னும் நெறி அன்றே தோன்றியதன்றோ!

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியில் விளங்கிய காலன் என்னும் வைத்தியர், எளிதில் இற்றுப்போகாத நூலே தக்கதென்று கூறிப் பட்டையும் குடல் நரம்பையும் குறித்தார்.

19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரையில் மேனாட்டு வைத்தியர் இரத்தக் குழாயை நூலாற் கட்டி, அதன் நுனியை வெளியே தொங்கவிடுவர். கட்டிய இடம் அழுகி நூல் இளகியபின் இழுத்தெடுப்பர். அப்போது குழாய் திறந்து உதிரம் பெருக, பிழைத்தான் என்றிருந்த நோயாளி மாண்டதும் உண்டு. குற்றம் நூலினுடையதா, நூலோடு சென்ற கிருமியினுடையதா? இவ்வினாவை ஆராய்ந்தவர் ஜோசப் லிஸ்டர். 1868-ஆம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி, கார்பாலிக் அமிலத்தாற் சுத்தி செய்த குடல் நூலைக் கொண்டு ஒரு கன்றின் கழுத்துக் குழாயைக் கட்டி, நுனியைக் குறுக அறுத்து, இரணத்தை மூடினார். ஒரு மாதம் கழித்துச் சோதிக்கையில், நூலிருந்த இடத்தை உயிருள்ள திசு பற்றியிருந்தது. இதனை 1869-இல் உலகறியச் செய்தார்.

எனினும் அந்நூல் சிலவிடத்து மிக விரைவிற் கரைந்தது. அதனைக் குரோமிக் அமிலத்திற் பதப்படுத்தி நீடிக்கச் செய்தனர். 1970-ஐ ஒட்டி, உடலிற் கரையும் செயற்கை நூல்கள் வழக்கிற்கு வந்தன.

இக்காலத்தும் நெறி அதுவே. மெல்லக் கூடும் வயிற்றுச் சுவருக்கு நெடுநாள் தாங்கும் நூல். முகத்துத் தோலுக்கு மெல்லிய நைலான் ஒற்றையிழை. கிருமி சேர்ந்த இரணத்திற்குப் பின்னல் நூல் ஏற்றதன்று. இழைகளின் இடுக்கிற் கிருமிகள் தங்கும்.

ஆதலின் அன்பர்களே, கரையாத நூலால் தையலிட்டுக்கொண்டோர் வைத்தியர் குறித்த நாளில் தவறாது சென்று அதனைப் பிரித்துக்கொள்க. வலி நீங்கிற்றென்று முன்னரே தாமாக அறுத்தலும், சோம்பி நாள் கடத்துதலும் ஒருங்கே தீது.