புதிதாய் வருவோரும் திருச்சிராப்பள்ளியும்



ஓர் ஊரை அதிற் பிறந்தார் அறியும் வகை வேறு. புதிதாய்ப் புகுவார் அறியும் வகை வேறு. பிறந்தாருக்குப் பழகிய தெரு, புதியவருக்குத் திக்குத் தெரியாத காடு. கல்வியை நாடியும் பிழைப்பை நாடியும் நம் இளைஞர் பலர் ஆண்டுதோறும் சிற்றூர்களை விட்டு நகரம் புகுகின்றனராதலின், திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் முன்னாளில் வந்து சேர்ந்தோர் சிலர் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க எண்ணினோம்.

புகைவண்டியினின்று இறங்கி, சத்திரம் பேருந்து நிலையத்தை அடைந்து, தெப்பக்குளத்தின் பக்கமாகப் பெரிய கடை வீதியுட் புகும் ஒருவன் முதலிற் காண்பது மனிதரையன்று, ஜனத்திரளையே. தோளோடு தோள் உராயும். விலை கூறும் குரல்களும் வண்டிகளின் ஓசையும் ஒன்றாகிக் காதை அடைக்கும். ஆயிரம் பேர் நடுவே நின்றும் தன்னை அறிவார் ஒருவருமிலர் என்னும் எண்ணம் அப்பொழுது நெஞ்சிற் சுருக்கெனத் தைக்கும். தலை நிமிர்ந்தால் மலைக்கோட்டை தோன்றும். அதுவே அவனுக்குத் திசை காட்டும் முதல் துணை.

அம்மலையிற் கோயில் கொண்ட இறைவன் திருநாமமே வந்து சேர இயலாத ஒருத்தியின் கதையாகும். கருவுற்ற மகளுக்குத் துணையாக வரப் புறப்பட்ட தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே தடையுண்டாள். இறைவன் அத்தாயின் வடிவிலே வந்து மகப்பேறு பார்த்தருளினான் என்றும், வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்தபின் மறைந்தருளினான் என்றும் செவ்வந்திப் புராணம் கூறும். அதனாலேயே தாயுமானவர் என்னும் பெயர் வழங்குவதாயிற்று. துணையற்றாருக்குத் துணையாதலே இவ்வூரின் பழம் பெருமை என்பது இதனாற் பெறப்படும்.

இனி ஆற்றைக் கடந்து திருவரங்கம் செல்வோம். ஏழு திருச்சுற்றுகளுட் புறத்தேயுள்ளவற்றில் வீடுகளும் கடைகளும் நிறைந்திருத்தலின், கோயிலுள் ஊரோ ஊருட் கோயிலோ எனப் புதியவர் மயங்குவர். 1323ஆம் ஆண்டில் தில்லிப் படை இவ்வூர்மேல் வந்தபோது, உற்சவத் திருமேனியைப் பிள்ளை லோகாசாரியர் முதலானோர் மறைவாக எடுத்துச் சென்றனர். பல நாடுகளிலும் அலைந்து, விஜயநகரத்துக் கம்பணரின் அதிகாரியான கோபணாரியர் முயற்சியால் 1371ஆம் ஆண்டில் அத்திருமேனி மீண்டது. ஏறத்தாழ 48 ஆண்டுகள் கடந்தமையால் பழமையை அறிந்தார் பலரும் மாண்டுபோயினர். கோயிலிலோ வேறொரு திருமேனி எழுந்தருளியிருந்தது. சொந்த வீட்டுக்குத் திரும்பியவரே அன்னியர்போல நின்றார்!

அப்பொழுது தீர்ப்பளித்தவர் யார்? மன்னரல்லர், பண்டிதருமல்லர். முன்னாளிற் பெருமாளின் திருப்பரியட்டங்களை வெளுத்துவந்த வண்ணார் குலத்து முதியவர், கண்ணொளி இழந்தவர். நீராட்டிய பின் ஈர ஆடையின் தீர்த்தத்தை வாங்கி உட்கொண்டு, இவரே நம்பெருமாள் என அவர் உரைத்தனர் எனக் கோயிலொழுகு தெரிவிக்கின்றது. நம்பெருமாள் என்னும் அப்பெயரே இன்றளவும் நிலைபெற்றுள்ளது. உழைக்கும் கையின் நினைவு, ஏட்டறிவினும் உறுதியுடைத்து என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பிற்காலத்து வந்தோருள் கல்கத்தாவின் ஆங்கிலப் பேராயர் ஹீபரும் ஒருவர். 1826ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி இந்நகரை அடைந்தார். 3ஆம் தேதி காலையில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு வழிபாடு நடத்தித் திரும்பி, நீராடுகையில் உயிர் துறந்தார். வரவேற்பின் ஆரவாரம் அடங்குமுன்னரே இறுதிக்கடன் நிகழ்ந்தது. அவரை அடக்கம் செய்த தூய யோவான் ஆலயம் இன்றும் உளது. அவர் பெயரால் கல்லூரியும் விளங்குகின்றது. மூன்று நாள் விருந்தினரையும் இவ்வூர் மறந்திலது.

ஆயினும் ஜனத்திரளின் மறுபக்கத்தையும் கூறாது விடுதல் நேர்மையன்று. 1849ஆம் ஆண்டில் பிள்ளையார் திருவிழாவின்போது, மலையின் குறுகிய படிவழியிற் கூட்டம் திடீரென அச்சமுற்று நெருக்கியடித்தமையால் சுமார் 250 பேர் மிதியுண்டு மாண்டனர். ஒருவரை ஒருவர் மனிதராகக் கருதும் நினைவு ஒரு நொடி தப்பியது. வழிபட வந்த உயிர்கள் படிகளிலேயே முடிந்தன.

1862ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்திலிருந்து இருப்புப்பாதை இந்நகரை எட்டியது. 1928ஆம் ஆண்டில் பொன்மலைப் பணிமனை எழுந்தது. பற்பல ஊர்த் தொழிலாளர் குடும்பத்துடன் வந்து குடியேறினர். இன்று தம்மைப் பழங்குடிகளென எண்ணுவோருள் பலர், முன்னொரு நாள் பெட்டியும் மூட்டையுமாக வழி கேட்டு நின்றவரின் பேரப்பிள்ளைகளே.

ஆதலின் நேயர்காள்! முன்னர் வந்து நிலைபெற்றோர்க்கு ஒரு கடமை உண்டு. நாளை நிலையத்தில் திகைத்து நிற்கும் ஒரு பிள்ளையைக் கண்டால், எவ்வூர், யார் மகன் என்று ஆராய்வதற்கு முன், உண்டனையோ, தங்க இடம் உளதோ என வினவுங்கள். தாயாக நிற்கும் கை ஒன்றும், நம்மவர் என அறிந்துரைக்கும் நா ஒன்றும் இருப்பின், எந்நகரமும் எவர்க்கும் அன்னிய நகரமாகாது.