கொள்ளைநோயும் பல்கலைக்கழக மாணவரும்

பல்கலைக்கழகங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவற்றின் பட்டயங்களையும், மாளிகைகளையும், அங்கு விளங்கிய பேரறிஞரையுமே பெரிதும் எடுத்துரைப்பர். கதவுகள் அடைக்கப்பட்டு மாணவர் திசைதிசையாகச் சிதறிய ஆண்டுகளைப்பற்றி அவர்கள் கூறுவன சிலவே. ஆயினும், ஒரு கல்வி நிலையம் மாணவனுக்கு எவற்றையெல்லாம் அளித்து வந்தது என்பது, அது திறந்திருந்த நாளிலும் பார்க்க மூடப்பட்ட நாளிலேயே தெளிவாகப் புலப்படும். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது பழமொழியன்றோ?

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கோவிட் நோயை உலகளாவிய கொள்ளைநோயென உலகச் சுகாதார நிறுவனம் கூறிற்று. இலங்கையிலும் பிற நாடுகளிலும் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. வீட்டில் முடங்கிய மாணவருக்கு ஆறுதலாக அந்நாளில் ஒரு கதை எங்கும் சொல்லப்பட்டது. 1665இல் கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட, ஐசாக் நியூற்றன் என்னும் இளைஞர் தம் ஊருக்குச் சென்று, தனிமையிலிருந்தே உலகை மாற்றிய உண்மைகளைக் கண்டார். ஆதலின் தனிமையை நற்பேறாகக் கொள்க என்பதே அக்கதையின் கருத்து. இக்கதை எத்துணை உண்மையானது? ஏனைய மாணவருக்கு இது பொருந்துமா? இவ்விரு வினாக்களும் ஆராயத்தக்கன.

மத்தியகால மரபு

1348இல் இங்கிலாந்தை அடைந்த 'கருஞ்சாவு' எனும் பிளேக்கு நோய், அந்நாட்டு மக்களுள் மூன்றிலொரு பங்கினருக்குக் குறையாதோரைக் கொன்றது. மரணப்படுக்கையிற் கிடந்தோரை அணுகி இறுதிக் கிரியைகளைச் செய்த குருமார் பெருந்தொகையாக மாண்டனர். கற்றோர் குறைந்த நாட்டில் கற்றோரை உண்டாக்கும் முயற்சி உடனே எழுந்தது. 1350இல் நொறிச் நகர மேற்றிராணியாராகிய வில்லியம் பேற்மன் கேம்பிரிட்ஜிலே திரினிற்றி மண்டபத்தை நிறுவினார். 1352இல் அந்நகர மக்களின் சங்கங்கள் கோப்பஸ் கிறிஸ்ரிக் கல்லூரியைத் தோற்றுவித்தன. 1379இல் ஒக்ஸ்போட்டிலே வில்லியம் விக்கம் புதுக் கல்லூரியை நிறுவியதற்கும் குருமார் குறைவு ஒரு காரணமாகும்.

அதன்பின் முந்நூறு ஆண்டுகளாக இந்நோய் மீண்டும் மீண்டும் தலைகாட்டியது. அலெக்சாண்டர் யெர்சன் 1894இல் ஹொங்கொங்கிலே பிளேக்குக் கிருமியைக் கண்டறியும்வரை அந்நோயின் காரணத்தை எவரும் அறிந்திலர். கெட்ட காற்று என்பார் சிலர். தெய்வ சினம் என்பார் சிலர். ஊரைவிட்டு அகலுதலே அந்நாளிற் பலர் கண்ட மருந்தாயிற்று. எனவே கல்லூரிகள் கலைந்து செல்லுதல் ஒரு மரபாகவே நிலைத்தது. ஒக்ஸ்போட்டின் ஓரியல் கல்லூரி, நகரின் புறத்தே இருந்த பழைய தொழுநோயாளர் இல்லமொன்றைக் கொள்ளைநோய்க் காலத்துப் புகலிடமாகக் கொண்டிருந்தது.

1630இல் கேம்பிரிட்ஜிலே பிளேக்குப் பரவியபோதும் மாணவர் கலைந்தனர். கிறைஸ்ற் கல்லூரியிலே கவிஞர் மில்ற்றன் அப்பொழுது கற்றுக்கொண்டிருந்தார். கேம்பிரிட்ஜுக்கும் இலண்டனுக்கும் இடையே கடிதங்களையும் பொதிகளையும் வண்டியிற் கொண்டுசென்ற தோமஸ் ஹொப்சன் என்னும் முதியவரின் பயணம் நோய் காரணமாகத் தடைசெய்யப்பட்டது. தொழிலின்றியிருந்த அவர் 1631 சனவரியிற் காலமானார். ஓய்வே அவரைக் கொன்றது என்னும் கருத்துப்பட மில்ற்றன் நகைச்சுவைக் கவிதை இரண்டு இயற்றினார். நகைச்சுவைக்குப் பின்னால் ஓர் உண்மை உளது. வண்டி நின்றபோது, மாணவனுக்கும் அவன் வீட்டாருக்கும் இடையே கடிதம் வரும் வழியும் அடைபட்டது.

1665ஆம் ஆண்டு

1665இல் இலண்டனைத் தாக்கிய பெரும் பிளேக்கினால் இறந்தோர் தொகை, மரணப் பட்டியல்களின்படி 68,596 ஆகும். உண்மைத் தொகை ஓரிலட்சத்தை எட்டியிருக்கலாம் என வரலாற்றாசிரியர் கருதுவர். அரசரும் அவையினரும் இலண்டனை நீங்கினர். அவ்வாண்டு ஒக்தோபரிலே பாராளுமன்றம் ஒக்ஸ்போட்டிற் கூடியது.

கேம்பிரிட்ஜிலே திரினிற்றிக் கல்லூரி ஓகஸ்ற் 7ஆந் தேதி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. கொள்ளைநோய் காரணமாக நாட்டுப்புறஞ் செல்லும் கல்லூரி உறுப்பாளருக்கும் புலமைப்பரிசில் பெற்ற மாணவருக்கும் அடுத்த ஒரு மாதத்துக்கு வழக்கமான உணவுப்படி வழங்கப்படும் என்பதே அது. புகழ்பெற்ற ஸ்ரூர்பிரிட்ஜ்ச் சந்தை நிறுத்தப்பட்டது. ஒக்தோபரிலே பல்கலைக்கழக மூதவை, பெரிய புனித மரியாள் ஆலயத்துப் பிரசங்கங்களையும் பொதுமண்டப வாதப் பயிற்சிகளையும் இடைநிறுத்தியது. இவ்வாதப் பயிற்சிகள் அந்நாளிற் பட்டம் பெறுவதற்கு வேண்டிய தேர்வுகள் போன்றவை என்பதை ஈண்டு நினைவிற்கொள்க. மாணவர் சிலர் தம் ஆசிரியருடன் அயற்கிராமங்களுக்குச் சென்று அங்கே பாடங்களைத் தொடர முயன்றனர். 1666 மார்ச்சிலே மாணவர் திரும்ப அழைக்கப்பட்டனர். யூன் மாதத்தில் நோய் மீண்டும் தோன்றவே மறுபடியும் கலைந்தனர். 1667 வசந்தகாலத்திலேதான் கல்வி ஒழுங்காகத் தொடங்கிற்று. ஏறத்தாழ இரண்டாண்டுக் கல்வி இவ்வாறு சிதைவுற்றது.

நியூற்றனின் தனிமை

நியூற்றன் தம் ஊராகிய வூல்ஸ்தோப்பிலே நுண்கணிதத்தின் அடிப்படைகளை வகுத்தார். அரியத்தின் துணைகொண்டு ஒளியின் நிறங்களை ஆராய்ந்தார். ஈர்ப்பைப்பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார். இவை யாவும் உண்மையே. ஆனால் அவர் வெறுங்கையுடன் ஊர் சென்றாரல்லர். 1665இன் தொடக்கத்திலேயே அவர் பட்டம் பெற்றுவிட்டார். அதற்கு முந்திய ஆண்டிலேயே டேக்கார்ட்டின் கேத்திரகணிதத்தையும் வொலிசின் கணித நூலையும் ஆழ்ந்து கற்றிருந்தார். ஐசாக் பரோ கணிதப் பேராசிரியராக விளங்கிய கேம்பிரிட்ஜின் சூழலும் அவரை வளர்த்திருந்தது. வீடு திரும்பியபோது ஒதுங்கியிருக்க ஒரு பண்ணை வீடும், உழைத்துப் பிழைக்க வேண்டாத நிலையும் அவருக்கு இருந்தன. அயலூராகிய பூத்பியிலிருந்து கொண்டு, அதிபரவளைவின் பரப்பை 52 தானங்கள் வரை அவர் கணித்தார். அவ்வூர்க் குருவாகிய பபிங்ரன் திரினிற்றிக் கல்லூரி உறுப்பாளராவார். ஆகவே கல்லூரியின் தொடர்பு நாட்டுப்புறத்திலும் அவரைவிட்டு அகலவில்லை.

மேலும், இந்நிலைகள் இரண்டாண்டிலே நிறைவடைந்தனவுமல்ல. ஈர்ப்புக் கொள்கையை விரித்துரைக்கும் 'பிரின்சிப்பியா' வெளிவந்தது 1687இலேயாம். வித்து நாட்டுப்புறத்தில் ஊன்றப்பட்டது. விளைச்சலோ கேம்பிரிட்ஜின் நூலகத்தாலும், பிற அறிஞரின் வினாக்களாலும், இருபதாண்டு உழைப்பாலும் வந்தது.

மற்றொன்றும் கருதற்பாலது. 1661இல் நியூற்றன் கல்லூரிக்கு வந்தபோது, உறுப்பாளருக்கும் செல்வ மாணவருக்கும் ஏவல் செய்து தம் செலவைக் குறைத்துக்கொள்ளும் ஏழை மாணவர் வகுப்பிலேயே சேர்க்கப்பட்டார். 1664இலேதான் அவருக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. கல்லூரித் தீர்மானம் பெயர்சுட்டிய வகுப்பினருள் அவர் அதனாலேயே இடம்பெற்றார். கொள்ளைநோய் மூன்றாண்டு முந்தி வந்திருப்பின், டேக்கார்ட்டைக் கல்லாத, உதவிப்படிக்கு உரிமையற்ற ஓர் ஏவல் மாணவராகவே அவர் ஊர் திரும்பியிருப்பார். ஏவல் கொள்வோர் கலைந்தபின் ஏவல் மாணவனுக்குக் கல்லூரியில் யாது பிழைப்பு? அத்தகைய நிலையில் இருந்தோர் பலர். அவர்தம் கதையைச் சொல்வார் இலர்.

2020ஆம் ஆண்டும் அதன் பின்னும்

355 ஆண்டுகளின் பின்னர் நிலைமை பெரிதும் மாறியிருந்தது. ஹொப்சனின் வண்டிக்குப் பதிலாக இணையம் இருந்தது. இலங்கையிலே பல்கலைக்கழகங்களை இணைக்கும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பினூடாக, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் உதவியுடன், மாணவர் கட்டணமின்றிச் சூம் விரிவுரைகளிற் பங்குபற்ற வழிசெய்யப்பட்டது. இது பாராட்டற்குரிய செயலே. ஆயினும், கணினியுடைய மாணவனும் சிறு கைத்தொலைபேசி ஒன்றையே உடன்பிறந்தாருடன் பகிர்ந்துகொண்ட மாணவனும் ஒரே வகுப்பில் இருந்தார்களெனக் கொள்ளுதல் பொருந்தாது. அலைவரிசை தேடி மேட்டுநிலங்களை நாடியோரும் உளர். ஆய்வுகூடப் பயிற்சியும் வைத்தியசாலைப் பயிற்சியும் திரையினூடே முற்றாகப் பெறக்கூடியனவல்ல. பட்டம் பெறும் காலம் தள்ளிப்போயிற்று. அதனால் தொழில் பெறும் காலமும் தள்ளிப்போயிற்று. மூத்த பிள்ளையின் முதற் சம்பளத்தை எதிர்பார்த்திருந்த குடும்பங்களுக்கு இதன் பொருள் நன்கு தெரியும்.

மன நலத்துக்கு உண்டான கேடு இன்னும் ஆழமானது. தனிமையும், எதிர்காலத்தைப்பற்றிய அச்சமும், ஊக்கக் குறைவும் மாணவரிடையே மிகுந்தமையைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. முதலாண்டு மாணவருட் பலர் தம் சகபாடிகளின் முகத்தை நேரிற் காணாமலே அவ்வாண்டைக் கழித்தனர்.

தனித்துக் கற்றல் இந்நாட்டுக்குப் புதியதன்று. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றுமுன்னரும் பின்னரும், இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்கு வீட்டிலிருந்தே கற்றுத் தேறியோர் பலர். பகலிற் பணியாற்றி இரவிற் படித்த அவர்களின் விடாமுயற்சி போற்றத்தக்கது. எனினும் அவர்கள் தாமே விரும்பி அவ்வழியை மேற்கொண்டனர். பரீட்சைக்குரிய நாளும் பாடமும் அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தன. கொள்ளைநோய்க் காலத்து மாணவனுக்கோ நாளும் தெரியவில்லை, முடிவும் தெரியவில்லை. நூலைத் தனித்துப் படிக்கலாம். ஐயம் தோன்றும்போது வினவ ஒருவரும், சோர்வு தோன்றும்போது தேற்ற ஒருவரும் வேண்டும்.

முடிவுரை

ஆகவே நியூற்றன் கதையைச் சொல்வோர் அதனை முழுமையாகச் சொல்லுதல் வேண்டும். தனிமை அவருக்கு அறிவை வழங்கவில்லை. முன்னர்ப் பெற்ற அறிவைப் பயன்படுத்த ஓய்வை வழங்கிற்று. அவ்வறிவும் ஓய்வும் உதவியும் இல்லாத மாணவனை நோக்கி, 'நீ ஏன் நியூற்றனாகவில்லை?' என வினவுதல் கொடுமையாகும். தளர்ந்துபோன மாணவன் சோம்பேறி என இகழப்படத்தக்கவனல்லன்.

1665இன் திரினிற்றிக் கல்லூரி, கலைந்து சென்ற மாணவரின் உணவைப்பற்றி முதலிற் சிந்தித்தது. ஆசிரியர் சிலர் மாணவருடன் கிராமத்துக்கே சென்றனர். 1350இலும் 1352இலும் வாழ்ந்தோர், இழந்த கற்றோரின் இடத்தை நிரப்பப் புதிய கல்லூரிகளை எழுப்பினர். கொள்ளைநோய் மீண்டும் வராதென எவரும் உறுதி கூறவியலாது. அது வரும் நாளில், எம்மாணவனிடம் நூல் இல்லை, எம்மாணவனின் வீட்டில் அடுப்பெரியவில்லை, எம்மாணவன் பேசாது ஒதுங்கிவிட்டான் என்பவற்றை அறிந்திருக்கும் ஆசிரியரே கல்லூரியைக் காப்பர். அதற்குரிய பழக்கம் கதவுகள் திறந்திருக்கும் இந்நாளிலேயே தொடங்கப்படவேண்டியதாகும்.