காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதி

காஞ்சிபுரம், உத்திரமேரூர், செங்கல்பட்டு, திருப்போரூர், செய்யூர், மதுராந்தகம் ஆகிய 6 சட்டமன்றத் தொகுதிகள் அடங்கிய தனித்தொகுதி.

1952இல் இங்கே வென்றவர் காமன்வீல் கட்சியின் அ. கிருஷ்ணசாமி. பின்னர் தொகுதி மறைந்து, இப்பகுதி செங்கல்பட்டுத் தொகுதியில் சேர்ந்தது. அங்கே 1957இல் கிருஷ்ணசாமி சுயேச்சையாக வென்றார். மாநிலமெங்கும் காங்கிரஸ் ஓங்கியிருந்த காலத்தில் இது தனிப்போக்கு. 1962இல் காங்கிரசின் ஓ.வி. அளகேசன் வென்றபின் அந்தத் தனிப்போக்கு முடிந்தது. அன்றிலிருந்து 2024 வரை 16 பொதுத்தேர்தல்களிலும், மாநிலத்தில் அதிக இடங்களைப் பிடித்த அணியின் வேட்பாளரையே இம்மண் தேர்ந்தெடுத்திருக்கிறது.

இதில் மனத்தை உலுக்குவது 1977. தி.மு.க.வின் சி. சிட்டிபாபு 1967, 1971 ஆகிய இரு தேர்தல்களிலும் செங்கல்பட்டில் வென்றவர். நெருக்கடி நிலையில் மிசா சட்டத்தில் கைதாகி, சென்னை மத்திய சிறையில் கடுமையாகத் தாக்கப்பட்டார். 1977 சனவரியில் இறந்தார். சிறைக் கொடுமைகளை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் பின்னர் விசாரித்தது. ஆனால் மார்ச் தேர்தலில் காங்கிரசுடன் கூட்டணி கண்ட அ.தி.மு.க.வே அவருடைய தொகுதியை வென்றது. பறிகொடுத்த உறுப்பினருக்கான துயரத்தைவிட மாநில அலையும் கூட்டணிக் கணக்கும் வலுத்திருந்தன என்றே கொள்ள வேண்டும்.

கூட்டணியின் வலுவுக்கு இன்னொரு சான்று பா.ம.க.வின் அ.கி. மூர்த்தி. 1999இல் தி.மு.க.–பா.ஜ.க. அணியிலும், 2004இல் தி.மு.க.–காங்கிரஸ் அணியிலும் செங்கல்பட்டில் நின்று இருமுறையும் வென்றார். 2004இல் அவ்வணி தமிழகத்தின் 39 இடங்களையும் அள்ளியது.

ஆனால் மக்களவை, சட்டமன்ற முடிவுகளில் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கணிப்பது ஆபத்து. 1980 சனவரியில் தி.மு.க.–காங்கிரஸ் அணி 37 இடங்களை வென்றது. ஆனால் மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் வென்று அ.தி.மு.க.வின் எம்.ஜி.ஆர். மீண்டும் முதல்வரானார். 1989 சனவரியில் ஆட்சி பிடித்த தி.மு.க.வுக்கு நவம்பரில் ஒரு மக்களவை இடமும் கிடைக்கவில்லை.

தொகுதி மறுவரையறைக்குப் பின் 2009இல் காஞ்சிபுரம் மீண்டும் தனிப்பெயர் பெற்றது. அவ்வாண்டு காங்கிரசின் பெ. விஸ்வநாதனும், 2014இல் அ.தி.மு.க.வின் க. மரகதமும், 2019, 2024 தேர்தல்களில் தி.மு.க.வின் க. செல்வமும் வென்றனர்.