சிவன் கேட்ட காட்சி

காந்தி மார்க்கெட்டின் சந்தடியிலிருந்து வடமேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலைக்கோட்டை தெரியும். சுமார் 83 மீட்டர் உயரம், 400க்கு மேற்பட்ட படிகள். இன்று உச்சிப் பிள்ளையாரைத் தொழ ஏறுகிறோம். 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் உச்சிக்குச் சற்றுக் கீழே குடைவித்த குடைவரையின் வடமொழிக் கல்வெட்டோ வேறொரு காரணம் சொல்கிறது.

மண்ணிலுள்ள கோயிலில் இருந்துகொண்டு சோழரின் வளத்தையும் காவிரியையும் எவ்வாறு காண்பது எனச் சிவன் வினவினானாம். மன்னன் மலைமீது இல்லம் அமைத்தானாம். இன்னொரு பாடல் அதனினும் சுவையானது. ஆறுகள்மீது ஆசை கொண்ட கணவன் காவிரியைக் கண்டு மயங்கிவிடுவானோ என்று அஞ்சிய பார்வதி, பிறந்தகத்தை விட்டு இங்கேயே தங்கி, அவள் பல்லவனின் காதலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். அஞ்சியதில் தவறில்லை: அதே குடைவரையின் மேற்குச் சுவரில், கங்கையைச் சடையில் ஏற்கும் சிவன் நிற்கிறான்.

இது வெறும் நயமன்று. சோழரின் ஆற்றைத் தன் காதலி என்று தேவியின் வாயாலேயே சொல்ல வைக்கிறான் பல்லவன். வாள் பெற்றதற்குக் கவிதையில் எழுதிய பட்டா என்பேன்.

ஆனால் குடைவரையின் முகப்பு தெற்கு நோக்கியது! அங்கே நின்றால் ஊர்தான் தெரியும், காவிரி முதுகுப்புறம். படியேறுவோர் பலர் குடைவரையைக் கவனியாமலே கடக்கின்றனர். அதைக் கண்டபின் மிஞ்சிய படிகளையும் ஏறுங்கள். உச்சியில்தான் வடக்கே காவிரி, 1987இல் நிறைவுற்ற ராஜகோபுரத்துடன் திருவரங்கம், அப்பால் கொள்ளிடம். காலணியைக் கீழேயே விட்டாக வேண்டும். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.